அமேசான் கருமண் (டெர்ரா பிரெட்டா): கரியைக் கொட்டினால் மட்டும் போதுமா?

குமரிச்சீமை கேட்டது:

வணக்கம். குலசேகரம் பக்கம் 50 சென்ட் நிலம். வெட்டுக்கல் கலந்த செம்மண், லேசான சரிவு. மண் பரிசோதனையில் பிஎச் (புளிப்பு-கார அளவு) 5.1, அங்ககக் கரிமம் 0.6 சதவீதம், மணிச்சத்து குறைவு. மழை அதிகம்; போடுகிற உரம் நான்கு மழைக்கு மேல் நிற்பதில்லை. அடுத்து வாழை நட எண்ணம்.

அமேசானில் பழங்குடியினர் உருவாக்கிய கருமண் பற்றி யூடியூபில் நிறைய ஓடுகிறது. "கரியைப் போடு, ஆயிரம் வருஷம் மண் வளமாக இருக்கும்" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. அந்த மண்ணில் உண்மையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? அதை 50 சென்ட் அளவில் செய்ய எவ்வளவு கரி, எவ்வளவு எரு, எந்த வரிசையில்? "டெர்ரா பிரெட்டா நுண்ணுயிர்" என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது தேவையா?

--------

மண்வாசி:

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். செய்முறையை நண்பர் கரிமூட்டம் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

அமேசான் காட்டின் பசுமையைப் பார்த்து அடியில் வளமான மண் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. சத்தில் பெரும்பகுதி மரத்திலும் உதிர்ந்த இலையிலும் நிற்கிறது. மண் உங்கள் மண்ணைப் போன்றதுதான், இன்னும் மோசம்: பிஎச் 4-ஐச் சுற்றி, இரும்பும் அலுமினியமும் மிகுந்த களி, கொடுத்த சத்தைப் பிடித்து வைக்கத் தெரியாத மண். காட்டை வெட்டி எரித்தால் சாம்பலின் பலன் இரண்டு மூன்று போகத்தில் மழையோடு போய்விடும்.

அந்த மண்ணுக்கு நடுவே, ஆற்றை ஒட்டிய மேடுகளில், கன்னங்கரேலென்று திட்டுத் திட்டாகக் கிடப்பதுதான் டெர்ரா பிரெட்டா. போர்த்துக்கீசியத்தில் கருமண் என்று பொருள். பெரும்பாலான திட்டுகள் ஏறத்தாழ 2500 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் உருவானவை. பல திட்டுகள் சில ஹெக்டேர் அளவுதான். ஆழம் சில இடங்களில் 2 மீட்டர் வரை போகிறது. பிரேசிலின் மனௌஸ், சாண்டரேம் நகரங்களின் சுற்றுவட்டாரத்திலும், தபஜோஸ், மதெய்ரா ஆற்றோரங்களிலும், ஷிங்கு ஆற்றின் மேல்பகுதியிலும் நிறைய உண்டு. நெதர்லாந்து மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-இல் அமேசான் மண் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகுதான் ஆராய்ச்சி உலகம் இதை ஊன்றிப் பார்க்க ஆரம்பித்தது.

மண்ணைத் தோண்டினால் கையில் வருவது: பொடிக்கரி, உடைந்த மண்பாண்ட ஓடு, மீன் முள், ஆமை ஓட்டுத் துண்டு, விலங்கு எலும்பு, சாம்பல். கண்ணுக்குத் தெரியாமல் மக்கிப் போனது மரவள்ளித் தோல், பனைவகை ஓலை, மனிதக் கழிவு, அடுப்படிக் குப்பை. அதாவது யாரும் கரியை மட்டும் தனியாக அள்ளிக் கொட்டவில்லை. ஓர் ஊரின் மொத்தக் குப்பையும் பல தலைமுறையாக ஒரே இடத்தில் விழுந்தது. கரி அதில் ஒரு பங்காளி.

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் விளங்கும். மணிச்சத்தும் சுண்ணாம்பும் எலும்பிலிருந்தும் மீன் முள்ளிலிருந்தும் வந்தவை. சாம்பல் புளிப்பைக் குறைத்தது. கருமண்ணில் பிஎச் பெரும்பாலும் 5.5-இலிருந்து 6.5 வரை இருக்கும். அந்த அளவுக்கு ஏறிவிட்டால் அலுமினிய நச்சு அடங்கிவிடும். தழைச்சத்து கழிவிலிருந்து வந்தது. கரி செய்தது இவற்றைக் கைவிடாமல் பிடித்து வைத்தது. 2001-இல் புரூனோ கிளேசர் குழு வெளியிட்ட அளவீட்டின்படி, பக்கத்து மண்ணைவிட 70 மடங்கு வரை கரிக் கரிமம் இதில் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. புதுக்கரிக்குச் சத்தைப் பிடிக்கும் திறன் குறைவு. மண்ணில் கிடந்து, காற்றும் நுண்ணுயிரும் பட்டு, மேற்பரப்பு மெல்ல மெல்ல ஆக்சிஜன் ஏறி மாறும்போதுதான் சுண்ணாம்பு, பொட்டாசியம், அம்மோனியம் போன்ற நேர்மின் அயனிகளை அது பிடித்து நிறுத்தும். டெர்ரா பிரெட்டாவின் கரி பல நூறு ஆண்டுகள் பழுத்த கரி. நாம் நேற்று எரித்ததை அதோடு ஒப்பிட முடியாது.

இது திட்டமிட்டுச் செய்ததா, தற்செயலா என்ற சண்டை நெடுநாளாக உண்டு. 2021-இல் ஒரு குழு, மனௌஸ் அருகே ஓரிடத்தில் ஆற்று வண்டலும் காட்டுத்தீயும்தான் காரணம் என்று எழுதியது. தொல்லியலாளர் பலர் அடுத்த ஆண்டே அதை மறுத்தார்கள். 2023-இல் வந்த ஆய்வுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஷிங்கு மேல்பகுதியில் வாழும் குய்குரோ மக்கள் இன்றைக்கும் இந்த மண்ணைச் செய்கிறார்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் 'எகேபே'. வீட்டுக்குப் பின்னால் மீன் கழிவும் மரவள்ளிக் கழிவும் குவிக்கிறார்கள், சாம்பலும் கரியும் தூவுகிறார்கள், சில ஆண்டு விட்டு அதில் நடுகிறார்கள். அங்குள்ள பழைய ஊர்களைத் தோண்டினாலும் கருமண் அதே அமைப்பில் கிடக்கிறது. மரவள்ளியைச் சாதா மண்ணிலும் வளர்க்கலாம், மற்றதற்கு எகேபே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சாண்டரேம் பக்கத்துச் சிறு விவசாயிகளிடமும் இதன் நிழல் இருக்கிறது. முற்றத்தைக் கூட்டி, சருகைக் குவித்து, கொழுந்துவிட்டு எரிய விடாமல் புகைய விட்டு, கருகியதை எருவோடு கலந்து தொட்டிக்கும் பாத்திக்கும் போடுகிறார்கள். 'தெர்ரா கெய்மாடா', எரிந்த மண், என்று அதற்குப் பெயர்.

கரி தனியாக என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. மனௌஸ் அருகே ஹெக்டேருக்கு 11 டன் கரி போட்டு நெல்லும் சோளமும் நான்கு போகம் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2007-இல் வந்தது. கரியோடு ரசாயன உரமும் சேர்ந்த பாத்தியில், உரம் மட்டும் போட்ட பாத்தியைப்போல இரண்டு மடங்கு தானியம். ஆனால் மொத்தத்தில் முதலிடம் பிடித்தது கோழி எரு போட்ட பாத்தி. கரிக்குள் சோறு இல்லை, அது சோற்றுப் பானை. பானையை மட்டும் வாங்கி வைத்தால் பசி தீராது.

--------

கரிமூட்டம்:

மண்வாசி சொன்னதை வைத்துச் செய்முறை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. ஒரு மீட்டர் ஆழம் வரை பார்த்தால் டெர்ரா பிரெட்டாவில் சராசரியாக ஹெக்டேருக்கு 50 டன் அளவில் கரி இருக்கிறது. உங்கள் 50 சென்டுக்கு அது 10 டன். கீழே சொல்லும் குழியில் 70 தடவைக்கு மேல் எரிக்க வேண்டும். அதை மறந்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு 1 கிலோ என்று பரவலாகப் போட்டாலும் 2 டன். வாழைக்கு அந்தச் செலவு தேவையில்லை, குழிக்கு மட்டும் போடுங்கள். 6-க்கு 6 அடி என்றால் சுமார் 600 கன்று. கன்றுக்கு 1 கிலோ காய்ந்த கரி, மொத்தம் 600 கிலோ. நான்கைந்து தடவை எரித்தால் கிடைத்துவிடும்.

குறைந்த அளவு வேலை செய்யுமா என்று கேட்பீர்கள். நேபாளத்தில் மாட்டு மூத்திரம் ஊறிய கரியை ஹெக்டேருக்கு 750 கிலோ மட்டும், பூசணிக்கு வேர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்தது. மூத்திரம் மட்டும் விட்டதைவிட விளைச்சல் ஏறக்குறைய நாலு மடங்கு. எல்லா மண்ணிலும் அப்படி வராது. ஆனால் ஊறவைத்த கரியை வேரடியில் வைத்தால் குறைந்த கரியும் பலன் தரலாம் என்பது இதில் தெரிகிறது.

குழி. மேல்வாய் 5 அடி அகலம், அடி 2½ அடி, ஆழம் 3 அடி. புனல் மாதிரி சரிவாக வெட்டுங்கள், சுவரை மண்வெட்டியால் தட்டி வழவழவென்று ஆக்குங்கள். நேர்க்குத்தாக வெட்டினால் ஓரத்தில் காற்றுச் சுழன்று கரி சாம்பலாகும். மழைத் தண்ணீர் ஓடிவராத இடமாகப் பாருங்கள்.

விறகு. உங்கள் பக்கம் ரப்பர் தோட்டம் வெட்டும்போது மிலாறு கிடைக்கும், அது நல்லது. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வேண்டாம். பருமன் கூடினால் வெளியே சாம்பலாகும்போதும் உள்ளே பச்சையாக இருக்கும். குறைந்தது இரண்டு மாதம் காய்ந்திருக்க வேண்டும். மரக்கடையிலிருந்து ரப்பர் பலகைத் துண்டு வாங்காதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதற்குப் போரான் மருந்து ஏற்றுவார்கள். போரான் கொஞ்சம் கூடினாலே வாழையிலை ஓரம் கருகும். பெயின்ட் அடித்தது, பிளைவுட் இரண்டும் கூடவே கூடாது.

எரிப்பது. அடியில் சுள்ளியைக் கூடு மாதிரி அடுக்கி, தீயை மேலிருந்து வையுங்கள். தீக்கங்கு அடிமுழுக்கப் பரவியதும் ஒரு அடுக்கு விறகு. அந்த அடுக்கின் மேல் வெள்ளைச் சாம்பல் படலம் தெரிய ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு. இந்த நேரம்தான் எல்லாம். முந்தினால் புகை கிளம்பும், பிந்தினால் கரி சாம்பலாகும். மேலே எரியும் கொழுந்துதான் மூடி. அது காற்றைத் தின்றுவிடுவதால் அடியில் இருக்கும் கரி எரியாமல் நிற்கிறது. சரியாகப் போனால் புகையே இருக்காது. முக்கால் குழி நிறைய 3 மணி நேரம் ஆகும். 500-இலிருந்து 700 கிலோ விறகுக்கு 700 லிட்டர் கரி, காய்ந்த எடையில் 120-இலிருந்து 150 கிலோ.

கடைசி அடுக்கோடு எலும்பு. இறைச்சிக்கடை எலும்பை முன்பே வெயிலில் காயவைத்து, கடைசி 20 நிமிடம் மட்டும் போடுங்கள். கறுப்பாக, கையால் நொறுக்கும் பதத்தில் எடுத்துவிட வேண்டும். வெள்ளையாகும் வரை விட்டால் மண்ணில் கரைவது மெதுவாகும். எலும்பு கிடைக்கவில்லை என்றால் எலும்புத்தூள், கன்றுக்கு 200 கிராம்.

அணைப்பது. 300-இலிருந்து 500 லிட்டர் தண்ணீர் பக்கத்தில் தயாராக இருந்த பிறகே தீயே வைக்க வேண்டும். நீராவி முகத்தில் அடிக்கும், காற்று போகும் பக்கம் நிற்காதீர்கள். மேலே நனைந்தால் போதாது, கிளறிக் கிளறி ஊற்றுங்கள். அப்படியும் ஒரு நாள் முழுக்கக் குழியிலேயே இருக்கட்டும். அரைகுறையாக அணைந்த கரியைச் சாக்கில் கட்டி வைத்தால் ராத்திரி தானே பற்றும்.

சோதனை. ஒரு துண்டை உடையுங்கள். கிண்ணென்று உடைந்து, கையில் ஒட்டிய கறுப்பு வெறும் தண்ணீரில் போனால் பதம். பிசுபிசுப்பாக இருந்து சோப்புப் போட்டால்தான் போகும் என்றால் உள்ளே தார் நிற்கிறது. அதை அடுத்த எரிப்பில் மறுபடி போடுங்கள், வேருக்குப் போடாதீர்கள்.

நொறுக்குவது ஈரத்தோடு. காய்ந்த கரித்தூள் நுரையீரலுக்குக் கேடு. சாக்கில் போட்டு மிதித்தாலே பட்டாணி அளவுக்கு வரும், அதற்கு மேல் பொடிக்க வேண்டியதில்லை.

ஊறவைப்பது. இதைத் தவறவிட்டவர்கள்தான் "கரி போட்டேன், பயிர் மஞ்சளாகிவிட்டது" என்று எழுதுகிறார்கள். வெறுங்கரி மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தையும் பயிருக்குக் கிடைக்காமல் ஆக்கிவிடலாம். 100 லிட்டர் கரிக்கு 40-இலிருந்து 50 லிட்டர் மாட்டு மூத்திரம் அல்லது சாணக் கரைசல், நனைந்து அடியில் கசியும் வரை. இரண்டு நாள் கழித்து, அதே அளவு மக்கிய தொழு எருவோடு கலந்து, பிழிந்தால் ஒரு துளி சொட்டும் ஈரத்தில், ஓலையால் மூடி ஆறு வாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். முடிந்தவர்கள் எருக்குழி போடும்போதே பத்துக் கூடைக்கு ஒன்று, ஒன்றரைக் கூடை கரி கலந்துவிடலாம், அதுதான் இன்னும் நல்லது. நாற்றமும் குறையும்.

மீன் கழிவை இந்தக் குவியலுக்குள் ஒரு அடி ஆழத்தில் புதைத்து, மேலே கரி மூடினால் நாய் வராது. பன்றி வரும், வேலி போடுங்கள். கருவாட்டுக் கழிவு வேண்டாம், உப்பு.

முடிவில் கன்றுக்கு 10-இலிருந்து 12 லிட்டர் கலவை, ஒன்றரை அடிக் குழியின் மேல்மண்ணோடு கலந்து வையுங்கள்.

--------

சீர்மண்:

இரண்டு பதிவும் அருமை. சில எச்சரிக்கைகள், ஏனென்றால் இதைக் குமரியில் மட்டும் படிக்கப் போவதில்லை.

கரிசல்காட்டு நண்பர்கள் யாரும் இதைப் பார்த்து சாம்பலும் எலும்பும் அள்ளிக் கொட்ட வேண்டாம். கரிசலின் கறுப்பு கரியால் வந்ததல்ல. அந்தக் களியின் தன்மை அது. அங்ககக் கரிமம் பார்த்தால் பல இடத்தில் அரை சதவீதம்கூடத் தேறாது. பிஎச் 8-க்கு மேல், சத்தைப் பிடிக்கும் திறன் ஏற்கனவே அதிகம், சுண்ணாம்பு மிகுதி. டெர்ரா பிரெட்டா தீர்த்த நோய் புளிப்பு, சத்துப் பிடிப்பின்மை. இரண்டும் கரிசலில் கிடையாது. அங்கே சாம்பல் போட்டால் துத்தநாகமும் இரும்பும் இன்னும் கிடைக்காமல் போகும். எலும்பின் மணிச்சத்து புளித்த மண்ணில்தான் கரையும். பிஎச் 8-இல் கல் மாதிரிக் கிடக்கும். உலக அளவில் கரிச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2017 ஆய்வும் இதையேதான் சொல்கிறது: வெப்பமண்டலத்தில் சராசரி 25 சதவீதம் விளைச்சல் கூடியது, குளிர்நாட்டில் ஒன்றுமில்லை. காரணம், வெப்பமண்டலச் சோதனைகள் பெரும்பாலும் புளித்த, ஏழை மண்ணில் நடந்தவை.

குமரிச்சீமை, உங்கள் மண்ணுக்கு இது பொருந்தும். ஆனால் ஒன்று: சாம்பலை மூத்திரத்தோடும் பச்சைச் சாணத்தோடும் கலக்கவே கூடாது. காரம் பட்டதும் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைத்தால் உங்கள் காசுதான் ஆவியாகிறது. சாம்பலைத் தனியாக, நடவுக்கு ஒரு மாதம் முன்னால் மண்ணில் கலந்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். ஆறு மாதம் கழித்து பிஎச் பார்த்து, 6-ஐத் தொட்டுவிட்டால் நிறுத்திவிடுங்கள். கரிக்கே காரத்தன்மை உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரிவு நிலம் என்கிறீர்கள். கரி மிதக்கும். மேலே தூவினால் முதல் பெருமழைக்குப் பக்கத்துக்காரர் தோட்டத்துக்குப் போய்விடும். அரை அடி ஆழத்துக்குள் கலந்து, மேலே வாழைச்சருகு மூடாக்கு.

பாட்டில் நுண்ணுயிர் வேண்டாம். கருமண்ணின் நுண்ணுயிர்க் கூட்டம் பக்கத்து மண்ணிலிருந்து வேறுபட்டது என்பது உண்மைதான். ஆனால் அது அந்த மண்ணின் உணவும் பிஎச்சும் வளர்த்த கூட்டம். வீட்டைக் கட்டாமல் குடியிருக்க ஆளைக் கொண்டுவந்தால் நிற்காது. நல்ல தொழு எரு ஒரு கூடை போதும்.

ஓட்டுத் துண்டும் வேண்டாம். அது குப்பையில் விழுந்த பானை, மருந்துச் சரக்கு அல்ல. "வெட்டி எடுத்தாலும் தானே வளரும் மண்" என்ற கதையும் அப்படித்தான். பிரேசிலில் சில இடத்தில் பூந்தொட்டிக்கு இதை வெட்டி விற்றதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. இலையும் வேரும் மக்கி மேல்மண் கொஞ்சம் சேரலாம். கரியும் எலும்பும் தானாக முளைக்காது.

களையையும் சொல்லிவிடுகிறேன். கருமண் திட்டுகளில் விவசாயம் செய்பவர்களின் பெரிய தலைவலி அதுதான். பக்கத்து மண்ணில் முளைக்கத் தயங்குகிற களை அதில் மண்டும். உங்கள் வாழைக்குழியைச் சுற்றி முதல் மூன்று மாதம் கூடுதல் கைக்களை எடுப்புக்கு ஆள் கணக்குப் போடுங்கள்.

--------

வலிகாமம்:

நல்ல விளக்கங்கள், நன்றி. எங்கட யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணக்கல்லுக்கு மேல இருக்கிறது. சீர்மண் சொன்னதின்படி பார்த்தால் எங்களுக்குச் சாம்பல் தேவையில்லை என்று விளங்குது. எங்கட பக்கம் முந்தி பனையோலையும் குழையும் தோட்டத்தில் புதைச்சுத் தாழ்த்துவினம், மாட்டுப் பட்டி அடைப்பினம். இதுவும் குய்குரோ சனம் செய்யிறதும் ஒரே மாதிரியோ? ஓலையைக் கரியாக்கித் தாழ்த்தினால் பலன் கூடுமோ?

--------

மண்வாசி:

வலிகாமம், பாதி ஒரே மாதிரி. வெளியிலிருந்து சத்தைக் கொண்டுவந்து சின்ன நிலத்தில் குவிப்பது இரண்டுக்கும் பொது. ஆட்டுக்கிடை, குளத்து வண்டல், ஓலை தாழ்த்துவது எல்லாமே அந்த வகைதான். வித்தியாசம், ஓலை சில ஆண்டில் மக்கி முடிந்துவிடும், திரும்பத் திரும்பத் தாழ்த்த வேண்டும். கரி எளிதில் மக்காது. ஆனாலும் முழு ஓலையையும் கரியாக்காதீர்கள். எரிக்கும்போது ஓலையின் தழைச்சத்தில் பெரும்பகுதியும் கந்தகமும் காற்றில் போய்விடும், மண்புழுவுக்கும் சாப்பாடு இருக்காது. மட்டையும் கொட்டையும் சிரட்டையும் கரிக்கு, ஓலை தாழ்த்தலுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சுண்ணக்கல் மண் என்பதால் கரியைச் சாம்பல் நீங்கத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அளவும் குமரிக்குச் சொன்னதில் பாதி.

அமேசானுக்கு வெளியே உயிரோடு இருக்கும் உதாரணம் வேண்டும் என்றால் மேற்கு ஆப்பிரிக்கா. லைபீரியாவிலும் கானாவிலும் ஊரைச் சுற்றி இதேபோன்ற கருமண் இருப்பதையும், அது இன்றும் உருவாகிக்கொண்டே இருப்பதையும் 2016-இல் பதிவு செய்தார்கள். அதில் பெரும்பங்கு பெண்களின் வேலை: பனை எண்ணெய் காய்ச்சிய அடுப்புக் கரி, சோப்புக்குச் சாம்பல் வடித்த மிச்சம், எலும்பு, அடுப்படிக் குப்பை. பக்கத்து மண்ணைவிட அங்ககக் கரிமம் இரண்டு மூன்று மடங்கு கூடுதல். அங்கேயும் யாரும் குழி வெட்டி விறகு எரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுப்பில் எப்படியும் விழும் கரி அது.

--------

குமரிச்சீமை:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். எரிக்க ஆள் கிடைக்காவிட்டால், ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல மூட்டத்தில் மிஞ்சும் கரித்தூளை லாரியில் இறக்கலாமா? இங்கே மரச்சீனி (மரவள்ளி) ஆலைத் தோல் நிறைய கிடைக்கிறது, அதைக் கலவையில் சேர்க்கலாமா?

--------

கரிமூட்டம்:

மரச்சீனித் தோல் தாராளமாகச் சேர்க்கலாம், குய்குரோ குப்பையின் முக்கியச் சரக்கே அதுதானே. பச்சையாக நேரே வேரடியில் போடாதீர்கள், அதில் சயனைடு நச்சு உண்டு, புளித்துச் சூடும் ஏறும். நறுக்கி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, எருக் குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் கலந்து மக்கவிட்டால் நச்சு போய்விடும்.

மூட்டத்துத் தூள் வாங்கலாம், பார்த்து. மூட்டம் மண் பூசி எரிப்பது. அதனால் தூளில் சுட்ட மண்ணும் மணலும் கலந்திருக்கும், சமயத்தில் பாதிக்குப் பாதி. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். மண் உடனே அடியில் உட்காரும், கரி மிதக்கும், இல்லையென்றால் மெதுவாக இறங்கும். அடியில் படிந்தது எவ்வளவு என்று பார்த்து விலை பேசுங்கள். மூட்டத்தின் ஓரத்தில் கிடந்த தூளில் அரைவேக்காடும் இருக்கும், சோப்புச் சோதனை அதற்கும் உண்டு. களர் நிலத்து மரம் என்றால் உப்பும் இருக்கலாம், ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

லாரி இறக்கும் முன் ஒரு மூட்டை மட்டும் வாங்கி, ஊறவைத்துக் கலவையாக்கி, இரண்டு தொட்டியில் பாருங்கள். ஒன்றில் உங்கள் செம்மண் மட்டும், இன்னொன்றில் ஒன்பது பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு கலவை. தட்டைப்பயறு பத்துப் பத்து விதை. பதினைந்தாம் நாள் கலவைத் தொட்டியில் முளைப்பு குறைந்தாலோ, இலை வெளிறினாலோ சரக்கு சரியில்லை, அல்லது ஊறியது போதவில்லை. இன்னொரு வழி, ஒரு தட்டில் ஒரு பாதி செம்மண், மறுபாதி கலவை கலந்த செம்மண், நடுவில் பத்து மண்புழு விட்டு ஈரத்துணி மூடி இரண்டு நாள். எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூளை எடைக்கு வாங்காதீர்கள். நனைத்து விற்பார்கள், தண்ணீருக்குக் காசு கொடுப்பீர்கள். மூட்டைக் கணக்கில் பேசுங்கள்.